ஈரமானி

பெர்கனில் மழை விட்டுவிட்டதென்றால்
யாரும் நம்புவதில்லை.
நானும்தான்.
நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினெட்டு ஆண்டுகளாக
தண்ணீர் வடிந்த பிறகு போகிறவள் நான்.
ஊறி உப்பிய மரத்தரை, உரிந்து தொங்கும் சுவர்த்தாள்,
நிலவறையில் மிதந்து ஒதுங்கிய பனிச்சறுக்குக் காலணி,
எதிரே கைகளைப் பிசைந்தபடி வீட்டுக்காரர்.
ஈரமானியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்துவேன்.
அது எண் சொல்லும். நான் எழுதுவேன்.
"இது நேற்றைய கசிவு இல்லை" என்பேன் மெதுவாக.
பழைய ஈரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

லக்செவோகில் ஒரு வீடு.
தொட்டியின் அடியில் மல்லாந்து கிடந்தாள் ஒரு பிளம்பர்.
இருட்டில் குழாயின் இணைப்பைத் தடவிப் பார்த்து
"வியாழன் வரை தாங்கும்" என்றாள்.
நான் போகும் வீடுகளில்
வரப்போகும் கிழமையைப் பற்றிப் பேசிய முதல் ஆள்.

நாற்பத்தாறு வயதில் ஆசை வந்தது,
வெள்ளம் வருமுன் போய்ச் சேர.
சிரிக்காதீர்கள். ஐவின் சிரிக்கவில்லை.
உருளைக்கிழங்கை உரித்தபடி
"வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருஷம்" என்றான்.
அவ்வளவுதான்.
பயிற்சி தரச் சம்மதித்த தோர்யேவுக்கு
இருபத்தெட்டு வயது.
"முழங்கால் எப்படி?"
அவன் கேட்ட ஒரே கேள்வி.

அன்றிரவு அது வந்தது.
மூன்று மணிக்கு. அலுவலக நேரம் அதற்குக் கிடையாது.
கட்டில் ஓரம் உட்கார்ந்து பட்டியல் வாசித்தது:
உன்னால் முடியாது.
கை நடுங்கும்.
கூடப் படிக்கும் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.
எதை நீ முடித்திருக்கிறாய்?
அலமாரியைத் திற,
பின்னத் தொடங்கிய ஸ்வெட்டருக்கு ஒரு கைதான்.

ஏழு இரவு தலையாட்டினேன்.
எட்டாவது இரவு எனக்கே வெட்கமாகிவிட்டது.
ரசீது இல்லாமல், புகைப்படம் இல்லாமல்
இவ்வளவு பெரிய தொகையை
வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனா?

விளக்கைப் போட்டேன்.
"உட்காருங்கள். பெயர்?"
"இங்குன்."
என் பெயரையே சொன்னது.
"இழப்பு நேர்ந்த தேதி?"
திணறியது.
"இனிமேல்தான்."

ஊசிகளை எடுத்தேன்.
சில இடங்களில் ஈரம் உண்மைதான், மறைக்கவில்லை.
முழங்கால்: ஏற்கப்படுகிறது.
இரண்டு வருடம் பாதிச் சம்பளம்: ஏற்கப்படுகிறது. கார் விற்கப்படும்.
ஸ்வெட்டர்: உண்மை. இதற்கும் அதற்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.
சிரிப்பார்கள்: சிரிக்கட்டும்.
கை நடுங்கும்: அன்று போய்ப் பார்க்கலாம்.
"முடியாது" என்பதில் மட்டும்
எங்கே குத்தினாலும் முள் அசையவில்லை,
ஆக அடியில் ஓரிடம் தவிர.
எனக்கு ஒன்பது வயது, ஒரு சனிக்கிழமை,
என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி
தம்பியிடம் கொடுத்தார் அப்பா.
'காலாவதியான கோரிக்கை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பகுதி ஏற்பு.
மேல்முறையீட்டுக்கு ஆறு வாரம்.
அது எங்கும் போய்விடவில்லை.
இரவுக்கு இரவு மேல்முறையீடு செய்கிறது,
புதிய உறையில், அதே கையெழுத்தில்.
வாங்கி, கோப்பு எண் போட்டு, வைக்கிறேன்.
பிறகு தூங்கவும் செய்கிறேன், சில நாள்.

ஞாயிறு மதியம்.
எங்கள் தொட்டியின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
தலைக்கு ஒற்றைக் கை ஸ்வெட்டர்.
ஐவின் டார்ச் அடிக்கிறான், தப்பான இடத்தில்.
திருகினேன்.
துளி நின்றது என்று எழுதத்தான் ஆசை.
நிற்கவில்லை.
முன்பு நான்கு எண்ணுவதற்குள் விழும்.
இப்போது பத்தொன்பது.
விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்றொரு கட்டம் இருக்கிறது.
அதில் இதைத்தான் எழுதலாமென்று இருக்கிறேன்.